கறி பாக்கெட்ல இருக்குற முத்திரை நம்ம கைய எவ்வளவு தூரம் திருப்புது?

ஹலால், ஆர்கானிக், ஃப்ரீ ரேஞ்ச் (அடைச்சு வைக்காம வெளிய விட்டு வளர்த்தது), கிரேடு, இந்த மாதிரி முத்திரையெல்லாம் கறி வாங்குறவங்க முடிவ நிஜமாவே மாத்துதா, இல்ல கடைசில எல்லாரும் விலைய பாத்து தான் எடுக்குறாங்களானு கேட்டிருக்கீங்க. மாத்துது. ஆனா எல்லா முத்திரையும் ஒரே அளவுக்கு மாத்துறதில்ல, அதோட படிச்சு பாத்து யோசிச்சு முடிவு பண்றாங்கனு நாம நெனைக்கிறோமே, அப்படியும் நடக்குறதில்ல. சில வருஷம் கறி வாங்குறவங்ககிட்ட சர்வே எடுக்குற வேலைல இருந்தேன், அப்புறம் ஆடிட் டீமோட ஸ்லாட்டர் ஹவுஸ்களுக்கும் போயிருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் பாத்தத வச்சு கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல கண்ணால பாத்தத சொல்லிடுறேன். சூப்பர்மார்க்கெட்ல கறி வைக்கிற கூலர் முன்னாடி ஒரு ஓரமா நின்னு ஆளுங்க எப்படி எடுக்குறாங்கனு கவனிச்சு எழுதுறது தான் அப்ப என் வேலை. ட்ரேய எடுப்பாங்க, மேல இருக்குற பிளாஸ்டிக்க கட்டை விரலால லேசா அமுக்குவாங்க, ஒரு பக்கமா சாய்ச்சு அடில ரத்தத்தண்ணி தேங்கி இருக்கானு பாப்பாங்க (அது ரத்தம் இல்லங்க, சதைல இருக்குற தண்ணியும் மயோகுளோபின்ங்குற புரதமும் கலந்தது, ஆனா அத பாத்து தான் பாதி பேர் வேணாம்னு வைக்கிறாங்க), கொழுப்பு எவ்வளவுனு ஒரு பார்வை, தேதி, விலை, கூடைக்குள்ள போயிடும். எல்லாம் சில செகண்டு. வெளிய வரும்போது அந்த பாக்கெட்ல என்ன முத்திரை இருந்துச்சுனு கேட்டா "ஏதோ பச்சையா ரவுண்டா ஒண்ணு இருந்துச்சு"ம்பாங்க. பொய் இல்ல, நிஜமாவே அவ்வளவு தான் மனசுல பதிஞ்சிருக்கு.

அதே கூலர் முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க. எதையும் கைல எடுக்கவே இல்ல. கண்ணு மட்டும் ட்ரே ட்ரேயா ஓடுச்சு, ஹலால் முத்திரை இருக்குற ரெண்டு பாக்கெட்ட கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் தான் கை நீண்டுச்சு, அந்த ரெண்டுக்குள்ள தான் அமுக்கி பாக்குறது, சாய்ச்சு பாக்குறது, விலை பாக்குறது எல்லாம். மத்த இருபது ட்ரேயும் அவங்களுக்கு அங்க இல்லாத மாதிரி தான். இந்த ரெண்டு காட்சிக்கும் இருக்குற வித்தியாசத்துல உங்க கேள்விக்கான பதில் பெரும்பாலும் வந்துடும்.

ஏன்னா முத்திரைகள்ல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு வாசல் மாதிரி, இருந்தா உள்ள, இல்லேன்னா வெளிய. ஹலால், கோஷர் (யூத மதச்சட்டப்படி சாப்பிடலாம்ங்குற முத்திரை) இந்த வகை. இன்னொண்ணு ஏணி மாதிரி, இது கொஞ்சம் நல்லது, அது இன்னும் நல்லது, இன்னும் கொஞ்சம் காசு குடு. ஆர்கானிக், விலங்கு நலன், எந்த நாட்டு கறி, சுற்றுச்சூழல் எல்லாம் இந்த வகை. வாசல் முத்திரைக்கு முன்னாடி விலை ரெண்டாவதா தான் வரும். ஏணி முத்திரை விலையோட மல்லுக்கட்டணும், பெரும்பாலும் தோத்துடும்.

இதுக்கு அடிப்படையா ஒரு விஷயத்த பொருளாதாரத்துல ரொம்ப நாளாவே சொல்லிட்டு வராங்க. 1970ல பிலிப் நெல்சன் ஒரு பொருளோட குணத்த ரெண்டா பிரிச்சார், வாங்குறதுக்கு முன்னாடியே பாத்து தெரிஞ்சுக்குறது, வாங்கி பயன்படுத்துன பிறகு தெரிஞ்சுக்குறது. 1973ல டார்பி, கார்னினு ரெண்டு பேர் மூணாவது ஒண்ண சேத்தாங்க, பயன்படுத்துன பிறகும் தெரியவே தெரியாத குணம், நம்பிக்கைய மட்டும் வச்சு வாங்குறது. கறிய இதுல வச்சு பாருங்க. நிறம், கொழுப்பு பாத்தா தெரியும். மெத்துனு இருக்கா, சக்கையா இருக்கானு சமைச்சு சாப்டா தெரியும். ஆனா அந்த கோழி வெயில பாத்துச்சா, அந்த மாட்டுக்கு ஆன்டிபயாடிக் குடுத்தாங்களா, அறுக்கும்போது என்ன முறைல அறுத்தாங்க, இதெல்லாம் ஒரு கிலோ கறிய முழுசா தின்னு முடிச்சாலும் உங்க நாக்கு சொல்லாது. கறி அளவுக்கு இந்த மூணாவது குணம் நெறைஞ்ச சாப்பாடு வேற ரொம்ப இல்ல, அதனால தான் கறில முத்திரைக்கு இவ்வளவு வேலை இருக்கு. முத்திரை தகவல் சொல்றது கம்மி தான், உங்களுக்கு பதிலா இன்னொருத்தர் போய் பாத்துட்டு வந்தார்ங்குற நம்பிக்கைய குடுக்குறது தான் அதோட நிஜமான வேலை.

நம்பிக்கைனு வந்துட்டா, யார் சொல்றாங்கங்குறது என்ன சொல்றாங்கங்குறத விட பெருசா போயிடும். பிரிட்டன்ல பாருங்க, ஹலால் சான்று குடுக்குற முக்கியமான அமைப்புகள்ல ஹெச்எஃப்ஏ, அறுக்குறதுக்கு முன்னாடி ஸ்டன் பண்றத (உயிர் போகாத அளவுக்கு மயக்கம் போட வைக்கிறது) சில நிபந்தனையோட ஏத்துக்குது, ஹெச்எம்சி ஏத்துக்காது. ரெண்டு பாக்கெட்லயும் ஹலால்னு தான் போட்டிருக்கும். விவரம் தெரிஞ்சவங்க அந்த வார்த்தைய பாக்குறதே இல்ல, எந்த அமைப்போட முத்திரைனு தான் பாப்பாங்க. பெல்ஜியம்ல முஸ்லிம்கள்கிட்ட நடத்துன ஆய்வுலயும் சூப்பர்மார்க்கெட்ல லேபிள் ஒட்டி வர்ற கறிய விட தங்களோட மதத்துக்காரங்க நடத்துற கறிக்கடைக்கு தான் நம்பிக்கை அதிகம்னு வந்துச்சு. அதாவது தெரிஞ்ச முகம் இருக்குற இடத்துல முத்திரை தேவையே இல்ல, முகம் தெரியாத இடத்துல அந்த முகத்துக்கு பதிலா தான் முத்திரை நிக்குது. கோஷர்ல இன்னொரு சுவாரஸ்யம், அமெரிக்காவுல கோஷர் முத்திரை பாத்து வாங்குறவங்கள்ல நிறைய பேர் யூதர்களே இல்ல, யாரோ கூடுதலா ஒரு தடவை கண்ணு வச்சு பாத்திருக்காங்கங்குற எண்ணத்துல சுத்தமா இருக்கும்னு வாங்குறாங்க. மதச்சட்டத்துக்காக போட்ட முத்திரை, வாங்குறவங்க மனசுல சுகாதார முத்திரையா மாறிடுது.

இப்ப ஏணி வகைக்கு வரேன், இங்க தான் சர்வே நம்பர்கள பாத்து எல்லாரும் ஏமாறுறாங்க. "விலங்குகள நல்லா வளர்த்த கறிக்கு கூட காசு குடுப்பீங்களா"னு கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. அந்த நேரத்துல அவங்க பொய் சொல்லல, ஒரு மனுஷனா நல்லது எதுவோ அத சொல்றாங்க. கூலர் முன்னாடி நிக்கும்போது அதே ஆளு மாச பட்ஜெட்ட பாக்குற ஆளா ஆயிடுறார், கூட வந்த குழந்தை கைய பிடிச்சு இழுக்குது, நைட்டு சமைக்கணும். இந்த இடைவெளிக்கு ஒரு நல்ல உதாரணம் அமெரிக்காவுல நடந்துச்சு. மாடு, பன்றி கறிக்கு எந்த நாட்டுலேந்து வந்ததுனு கட்டாயமா போடணும்னு ஒரு சட்டம் 2009ல நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி எடுத்த சர்வேல எல்லாம் மக்கள் கண்டிப்பா வேணும், கூடவே காசு குடுப்போம்னாங்க. வந்த பிறகு நிஜ விற்பனை கணக்க எடுத்து பாத்த ஆய்வுல கறியோட டிமாண்ட்ல கண்டுபிடிக்குற அளவுக்கு எந்த மாற்றமும் இல்ல, அப்படி ஒரு லேபிள் இருக்குறதே நிறைய பேருக்கு தெரியல. அப்புறம் கனடாவும் மெக்சிகோவும் உலக வர்த்தக அமைப்புக்கு போய், வருஷத்துக்கு சுமார் 100 கோடி டாலர் அளவுக்கு பதில் வரி போட அனுமதி வாங்குனதும் 2015 டிசம்பர்ல அந்த ரெண்டு கறிக்கும் சட்டத்தயே தூக்கிட்டாங்க. அதனால யாராவது "80% பேர் கூட காசு குடுக்க ரெடி"னு ஒரு நம்பர தூக்கிட்டு வந்தா முதல்ல கேக்க வேண்டியது, கேட்டதா, நிஜமா காசு வாங்குனதானு.

அப்ப ஏணி முத்திரைக்கு சக்தியே இல்லையானா, இருக்கு, ஆனா எதிர்பாக்காத இடத்துல. நாக்குல இருக்கு. 2016ல வெளியான ஒரு ஆய்வுல ஒரே கறிய ரெண்டா பிரிச்சு, ஒண்ணு நல்லா வளர்த்த பண்ணைலேந்து வந்தது, இன்னொண்ணு ஃபேக்டரி மாதிரி அடைச்சு வளர்த்த பண்ணைலேந்து வந்ததுனு எழுதி குடுத்தாங்க. அடைச்சு வளர்த்ததுனு படிச்சவங்களுக்கு அதே கறி உப்பு அதிகமா, எண்ணெய் பிசுக்கா தெரிஞ்சுது, சாப்பிட்ட அளவும் கொறஞ்சுது. கறி ஒண்ணு தான், மாறுனது வார்த்தை மட்டும். முத்திரை பாத்து ஒரு தடவை வாங்கிட்டா அடுத்த தடவை "போன தடவை நல்லா இருந்துச்சே"னு வாங்குறோம், அந்த நல்லா இருந்ததுல எவ்வளவு கறி, எவ்வளவு முத்திரைனு நமக்கே பிரிச்சு சொல்ல தெரியாது.

இதுக்கு நேர் எதிரா, நாக்கயே நேரடியா சோதிச்சு குடுக்குற முத்திரையும் இருக்கு. பிரான்ஸ்ல 1960கள்லேந்து இருக்குற லேபல் ரூஜ்ங்குற சிவப்பு முத்திரை கோழிக்கு, சாதாரண கோழிய விட ருசி மேலனு சுவை சோதனைல நிரூபிக்கணும், கோழி குறைஞ்சது 81 நாள் வளரணும். சாதாரண பிராய்லர் அஞ்சு ஆறு வாரத்துல முடிஞ்சுடும். இங்க முத்திரை சொல்றத நாக்கும் சொல்லுது, அதனால விலை கூட இருந்தும் அரை நூற்றாண்டுக்கு மேல நின்னு விக்குது. அமெரிக்க மாட்டுக்கறி கிரேடும் இப்படி தான், பிரைம், சாய்ஸ், செலக்ட்னு பிரிக்கிறது மாட்டோட முதிர்ச்சியையும் சதைக்குள்ள வெள்ளையா ஓடுற கொழுப்பையும் வச்சு. ஆனா அந்த கிரேடு சுகாதாரத்த பத்தினதுனு நிறைய பேர் நெனைச்சுக்குறாங்க. இல்ல. சுகாதார பரிசோதனை வேற, அது 1906 சட்டத்துலேந்து கட்டாயம். கிரேடு கம்பெனி விருப்பப்பட்டு காசு கட்டி வாங்கிக்குறது.

இந்த குழப்பம் தான் எனக்கு ரொம்ப வருத்தமான பகுதி, ஏன்னா நல்ல எண்ணத்தோட கூட காசு குடுக்குறவங்க தான் இதுல அதிகம் மாட்டுறாங்க. "நேச்சுரல்"னு அமெரிக்க கறி பாக்கெட்ல போட்டிருந்தா செயற்கையா எதுவும் சேக்கல, பெருசா பதப்படுத்தலனு மட்டும் தான் அர்த்தம், அந்த விலங்கு எப்படி வளந்துச்சுனு ஒரு வார்த்தை கூட அதுல இல்ல. ஆனா வாங்குறவங்ககிட்ட கேட்டா பச்சை புல்வெளிய வர்ணிப்பாங்க. "ஹார்மோன் போடாத கோழி"ம்பாங்க, அமெரிக்காவுல கோழிக்கு ஹார்மோன் போட அனுமதியே கிடையாது, அதனால அப்படி போடுறவங்க சட்டப்படி அனுமதி இல்லங்குறதையும் பக்கத்துலயே சின்னதா போட்டாகணும், அந்த சின்ன எழுத்த யார் படிக்கிறா. ஆர்கானிக்கும் ஊருக்கு ஊர் வேற. அமெரிக்காவுல விலங்குக்கு ஆன்டிபயாடிக் குடுத்துட்டா அத ஆர்கானிக்னு விக்க முடியாது, ஐரோப்பிய யூனியன்ல நோய் வந்தா ஒரு எண்ணிக்கை வரைக்கும் குடுக்கலாம், கூடுதல் நாள் காத்திருந்து விக்கலாம். எது சரிங்குறதுல ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, நோய்ல கஷ்டப்படுற விலங்குக்கு மருந்து குடுக்காம விடுறதும் நலன் இல்லையே, ஆனா வாங்குறவருக்கு ரெண்டும் ஒரே வார்த்தை.

இதவிட மோசம், வார்த்தை தெளிவா இருந்தும் பின்னாடி சோதனை இல்லாதது. ஆன்டிபயாடிக் இல்லாம வளர்த்ததுனு லேபிள் போட்டு விக்கிற மாடுகளோட சாம்பிள எடுத்து அமெரிக்க அரசே டெஸ்ட் பண்ணுச்சு, 2024 ஆகஸ்ட்ல முடிவ சொன்னாங்க, சுமார் 20% சாம்பிள்ல ஆன்டிபயாடிக் எச்சம் இருந்துச்சு. அஞ்சுல ஒண்ணு. அதுவரைக்கும் அந்த லேபிள் பெரும்பாலும் கம்பெனி குடுக்குற பேப்பர வச்சு தான் அனுமதி ஆயிட்டு இருந்துச்சு.

பேப்பர்னு சொன்னேன்ல, ஆடிட்ல என்ன பாக்குறோம்ங்குறத ஒரு தடவையாவது சொல்லணும். குளிர் ரூமுக்குள்ள போய் ஏதாவது ஒரு பாக்கெட்ட எடுத்து, இது எந்த பேட்ச், எந்த நாள் அறுத்தது, எந்த பண்ணைனு பின்னாடி போய் காட்டுங்கனு கேப்போம். நல்லா நடத்துற இடத்துல ஒரு மணி நேரத்துக்குள்ள பண்ணையோட டெலிவரி சீட்டு வரைக்கும் மேஜைக்கு வந்துடும். அடுத்தது எடை கணக்கு, சான்று உள்ள விலங்கு எத்தனை கிலோ உள்ள வந்துச்சு, சான்று ஒட்டுன கறி எத்தனை கிலோ வெளிய போச்சு. ஒரு இடத்துல, பேர் வேணாம், எலும்பு கழிவெல்லாம் கழிச்சா உள்ள வந்ததுலேந்து வரவே முடியாத அளவு கறி அந்த முத்திரையோட வெளிய போயிருந்துச்சு. இடம் பளபளனு இருந்துச்சு, போர்டு, யூனிஃபார்ம் எல்லாம் கச்சிதம். ஒரு கால்குலேட்டர் தான் காட்டிக் குடுத்துச்சு. அன்னைலேந்து எனக்கு முத்திரையோட அழகு மேல எந்த ஈர்ப்பும் இல்ல, சொல்லாம போய் எடை கணக்கு பாக்குறாங்களாங்குறது மட்டும் தான் கேள்வி.

நம்பிக்கை உடைஞ்சா என்ன ஆகும்ங்குறதுக்கு ஐரோப்பா ரெண்டு தடவை பாடம் படிச்சிருக்கு. 1996 மார்ச்ல பைத்திய மாடு நோய்க்கும் மனுஷங்களுக்கு வர்ற மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம்னு பிரிட்டன் அரசு சொன்னதும் மாட்டுக்கறி விற்பனை சரிஞ்சுது, அதுலேந்து தான் மாடு எங்க பிறந்துச்சு, எங்க வளந்துச்சு, எங்க அறுத்தாங்கனு லேபிள்ல போடணும்ங்குற 2000 ஆண்டு விதி வந்துச்சு. 2013ல மாட்டுக்கறி பர்கர்னு வித்ததுல குதிரைக்கறி, ஒரு பர்கர்ல 29% வரைக்கும். அந்த குதிரைக்கறி விவகாரம் பதப்படுத்துன கறில தான் வெடிச்சுது, லேபிள் விதி கடுமையா இருந்த ஃப்ரெஷ் கறில இல்ல. முத்திரை நிக்காத இடத்துக்கு தான் தப்பு நகந்து போகுது.

இன்னொரு விஷயம் இருக்கு, என்னை கேட்டா இதான் எல்லாத்துலயும் முக்கியம். நல்லதுக்கு மட்டும் முத்திரை போட்டா, கெட்டது சும்மா வெறுமையா நிக்கும், வெறுமை யார் கண்ணையும் உறுத்தாது. கெட்டதுக்கும் பேர் போட்டா தான் கை நிக்கும். ஐரோப்பிய யூனியன்ல 2004லேந்து முட்டை ஓட்டுலயே 0, 1, 2, 3னு அச்சடிக்கணும், 0 ஆர்கானிக், 3 கூண்டு. கூண்டுக்கும் நம்பர் குடுத்துட்டதால கைல எடுத்தவுடனே தெரிஞ்சுது, பல நாட்டுல கடைக்காரங்களே 3ம் நம்பர அலமாரிலேந்து எடுத்துட்டாங்க (அந்த முட்டைகள்ல ஒரு பங்கு நம்பர் போட தேவையில்லாத பிஸ்கட், கேக், நூடுல்ஸுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சுங்குறதும் உண்மை). 2022ல அமெரிக்காவுல சுமார் 5,000 பேர் கிட்ட ஒரு ஃபாஸ்ட்ஃபுட் மெனுவ ஆன்லைன்ல காட்டி, ஒரு குரூப்புக்கு மாட்டுக்கறி ஐட்டம் மேல "பருவநிலைக்கு பாதிப்பு அதிகம்"னும், இன்னொரு குரூப்புக்கு மத்தது மேல "பாதிப்பு குறைவு"ன்னும் போட்டாங்க. கெட்டத சொன்ன லேபிள் சுமார் 23% கூடுதல் பேர மாட்டுக்கறி அல்லாததுக்கு திருப்புச்சு, நல்லத சொன்னது சுமார் 10% தான். இதுவும் நிஜ காசு குடுக்காத சோதனை தான், மேல நான் சொன்ன எச்சரிக்கை இதுக்கும் பொருந்தும், ஆனா ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் கவனிக்க வேண்டியது.

கறில இத நல்லா பிடிச்சது ஜெர்மனி. 2019ல அங்க சூப்பர்மார்க்கெட்களே சேர்ந்து வளர்ப்பு முறைக்கு 1லேந்து 4 வரை நிலை போட ஆரம்பிச்சாங்க, 2024லேந்து 5 நிலை. சட்டத்துல சொன்ன குறைஞ்சபட்சத்துல வளர்த்ததுக்கும் 1னு பளிச்சுனு போட்டாகணும். தன் பிராண்ட் பேருக்கு பக்கத்துலயே 1ங்குற நம்பர் நிக்கிறது எந்த கடைக்கும் பிடிக்கல, 2021ல ஆல்டிங்குற சூப்பர்மார்க்கெட் கம்பெனி 2030க்குள்ள தன்னோட ஃப்ரெஷ் கறில கீழ் ரெண்டு நிலையையும் நிறுத்துறதா அறிவிச்சுது. வாங்குறவங்க பெருசா மாறுறதுக்கு முன்னாடியே விக்கிறவங்க மாறிட்டாங்க. நெதர்லாந்துலயும் அதான் கதை, விலங்கு பாதுகாப்பு அமைப்பு 2007ல பேட்டர் லேவன்னு 1லேந்து 3 நட்சத்திர முத்திரைய கொண்டு வந்துச்சு, இன்னொரு அமைப்பு வேகமா ஊதி வளர்ற கோழிக்கு "வெடிக்கிற கோழி"ங்குற அர்த்தத்துல ஒரு பேர பரப்பி கடைகள விடாம துரத்துச்சு, 2023 முடிவுக்குள்ள பெரிய சூப்பர்மார்க்கெட்கள் எல்லா ஃப்ரெஷ் கோழியையும் குறைஞ்சது ஒரு நட்சத்திரத்துக்கு மாத்திட்டாங்க. இப்ப அங்க ஒருத்தர் எதையும் படிக்காம, விலைய மட்டும் பாத்து, கைக்கு வந்த ட்ரேய எடுத்தாலும் அந்த ஒரு நட்சத்திரம் அவர் கூடைக்குள்ள வந்துடுது.

அதனால "மக்கள் லேபிள படிக்கிறதே இல்ல, அதனால லேபிள் வேஸ்ட்"னு சொல்றவங்க கணக்க பாதில விட்டுடுறாங்கனு நெனைக்கிறேன். கூலர் முன்னாடி நிக்கிற அந்த சில செகண்டுல ஏணி முத்திரை கொஞ்ச பேர தான் மாத்தும். ஆனா அந்த கூலர்ல எந்த ட்ரே வரணும்னு ஆறு மாசம் முன்னாடி ஒரு ஆபிஸ்ல முடிவு பண்றாங்கல்ல, அங்க அது நல்லாவே வேலை செய்யுது.

உங்களுக்கு நீங்களே பாத்து வாங்கணும்னா நான் செய்யுறத சொல்றேன். பெரிய எழுத்துல இருக்குற வார்த்தைய விட்டுட்டு, அந்த வார்த்தைக்கு யார் பொறுப்புனு சின்னதா ஒரு அமைப்போட பேரோ சான்று எண்ணோ இருக்கானு பாப்பேன். இருந்தா வீட்டுக்கு போய் ஒரே ஒரு தடவை அந்த அமைப்போட விதி என்ன, சொல்லாம வந்து சோதிக்கிறாங்களா, தப்பு பண்ண கம்பெனிய நீக்குன பட்டியல் வெளியிடுறாங்களானு தேடுவேன். அந்த நீக்குன பட்டியல்ல பத்து வருஷமா ஒரு பேர் கூட இல்லேன்னா அந்த முத்திரைக்காக நான் கூட காசு குடுக்க மாட்டேன். பட்டியல் இருந்து, அதுல பேரும் இருந்தா, அடுத்த தடவைலேந்து படிக்க வேண்டியதில்ல, மேல இருக்குற அந்த பச்சை ரவுண்ட பாத்து எடுத்துட்டு வந்துடுவேன்.